1,150 கிராம்: ஆரணித் தராசில் ஏறாத உயிர்கள்

போன மாதம் எங்கள் படிப்பு வட்டத்தில் கல்லூரி முதலாமாண்டு படிக்கும் தம்பி ஒருவன் கேட்டான். "அக்கா, பஞ்சமி நிலம் பேசுறோம், ஆணவக் கொலை பேசுறோம், இடஒதுக்கீடு பேசுறோம். சரிதான். பிரசவ வார்டு எப்படி நம்ம இயக்கத்தோட பிரச்சினை ஆகும்? குறைமாசக் குழந்தை பிழைக்கிறதும் பிழைக்காததும் டாக்டருங்க பார்க்க வேண்டிய விஷயம்தானே?"

அன்றைக்குக் கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன். ஆனால் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. வாய்விட்டுக் கேட்காத பலரிடமும் அது இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

என் சித்தி மகள் ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் வாழ்கிறாள். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். கூலி நெசவு. தறியும் அவளுடையது இல்லை, பட்டும் சரிகையும் அவளுடையது இல்லை. முதலாளி கடையில் நூலை எடை போட்டுக் கொடுப்பார்கள். சேலையாக நெய்து கொண்டுபோனால் அதையும் எடை போட்டு வாங்குவார்கள். கொடுத்த எடைக்கும் வந்த எடைக்கும் கணக்கு ஒத்துவராவிட்டால் கூலியில் பிடித்தம். ஆரணியில் கிராம் என்றால் என்னவென்று யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏழாம் மாதத்தில் அவளுக்கு இடுப்பு வலி வந்தது. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு, துணி சுற்றும் கட்டை வயிற்றில் முட்ட முட்ட உட்கார்ந்து நெய்கிறவளுக்கு இடுப்பு வலி புதிதா என்று இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் நீர் கசிந்தது. நானும் சித்தியும் கூட்டிக்கொண்டு போனோம். முதலில் போன இடம் எது என்று எழுதப் போவதில்லை. ஒரு கட்டடத்தின் பெயரைச் சொன்னால் எல்லாரும் அந்தக் கட்டடத்தைத் திட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். அங்கே ஊர் பெயர் கேட்டார்கள், தெரு பெயர் கேட்டார்கள். "சூட்டு வலி, மோர் குடிச்சுட்டுப் படு" என்று அனுப்பினார்கள். அவள் வயிற்றில் ஒருவரும் கை வைத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் இரவு வலி தாங்காமல் அதே இடத்துக்குப் போனபோது கேட்ட முதல் வார்த்தை: "நீங்கல்லாம் எப்பவும் கடைசி நேரத்துலதான் வருவீங்க."

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே குழந்தை பிறந்துவிட்டது. ஆண் குழந்தை. அங்கே தராசில் வைத்தபோது 1,150 கிராம். உடம்பு சில்லென்று இருந்தது. அந்தப் பிரிவில் இருந்த மருத்துவர்களும் செவிலியர்களும் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது நாள் இருந்தான்.

முதல் நாள் இரவு ஒரு இளம் மருத்துவர் எங்களிடம் கேட்டார். "வலி வந்ததும் அங்க ஊசி போட்டாங்களா?" நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "என்ன ஊசி?"

தம்பிக்கான பதில் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

அது என்ன ஊசி?

பிறக்கும்போது 2,500 கிராமுக்குக் குறைவாக இருந்தால் எடைக்குறைவு. 1,500 கிராமுக்குக் கீழே என்றால் மிகக் குறைந்த எடை. இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் மாதம் நிறையும் முன் பிறந்தவர்கள். அவர்களுக்கு முதல் ஆபத்து மூச்சு. நுரையீரலின் சின்னஞ்சிறு காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் விரிந்து நிற்க ஒரு வழுவழுப்பான பொருள் சுரக்க வேண்டும். குறைமாதத்தில் அது போதிய அளவு சுரந்திருக்காது.

குழந்தை வயிற்றில் இருக்கும்போதே தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் நுரையீரல் சீக்கிரம் முதிர்கிறது என்று நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி என்ற இரண்டு மருத்துவர்கள் 1972இலேயே எழுதிவிட்டார்கள். பயன்படுத்தும் மருந்து டெக்ஸாமெத்தசோன். 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 6 மில்லிகிராம், மொத்தம் நான்கு ஊசி. எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கிற மலிவான மருந்து. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஊசி போடாத தாய்மார்களின் குழந்தைகளில் நூற்றுக்கு 23.5 பேரும், போட்டவர்களின் குழந்தைகளில் 19.6 பேரும் முதல் 28 நாளில் இறந்தார்கள். நூறு குழந்தைகளில் நான்கு பேரை ஒரு மலிவு ஊசி காப்பாற்றுகிறது.

இந்திய அரசும் 2014இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவ வலி கண்ட பெண்ணைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன், மருத்துவர் இல்லாத இடத்தில் செவிலியரே முதல் ஊசியைப் போடலாம் என்று அது சொல்கிறது. ஊசி மட்டும் போட்டுவிட்டு வீட்டுக்கு அனுப்பினால் பயனில்லை. தாயைக் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். குறைமாதக் குழந்தைக்குத் தாயின் வயிற்றைவிட நல்ல ஆம்புலன்ஸ் கிடையாது. ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் வழியாக அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி சுமார் 30 கிலோமீட்டர். எங்களுக்கு ஒன்றரை நாள் கையில் இருந்தது. ஊசியும் இருந்தது, வண்டியும் இருந்தது, சாலையும் இருந்தது. வயிற்றில் வைத்துப் பார்க்க ஒரு கை இல்லை.

தொட்டால் பிழைக்கும்

கருவியே இல்லாத ஊரில் இந்தக் குழந்தைகளை எப்படிக் காப்பாற்றினார்கள் என்பது நாம் படிக்க வேண்டிய வரலாறு. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல் ஏழைகளின் அரசு மருத்துவமனை ஒன்றில் இன்குபேட்டர் போதவில்லை. ஒன்றில் இரண்டு மூன்று குழந்தைகளைப் படுக்கவைத்து, தொற்று பரவி, இறப்பு கூடியது. எட்கர் ரே, எக்டர் மார்டினஸ் என்ற இரு மருத்துவர்கள் குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் நெஞ்சோடு நெஞ்சாகக் கட்டிவைத்தார்கள். தாயின் சூடு, தாயின் மூச்சு, தாய்ப்பால். கங்காரு முறை என்று இன்று உலகம் முழுக்கச் சொல்வது இதைத்தான்.

ஏழை நாட்டின் மாற்று ஏற்பாடு என்றுதான் பல காலம் இதைப் பார்த்தார்கள். டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து மருத்துவமனைகளில் நடந்து 2021இல் வெளிவந்த ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளை, உடல்நிலை சீராகும்வரை காத்திருக்காமல், பிறந்தவுடனேயே தாயின் நெஞ்சில் வைத்தார்கள். வழக்கமான முறையில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 15.7 சதவீதம், நெஞ்சில் வைத்தவர்களில் 12 சதவீதம். பலன் இவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். இதற்காக சஃப்தர்ஜங்கில் தாய்க்கும் தீவிர சிகிச்சைப் பிரிவின் உள்ளேயே படுக்கை போட்டார்கள். நம் ஊரில் அந்தத் தாய் எங்கே இருப்பாள் என்று உங்களுக்குத் தெரியும். வராந்தாவில், தையல் காயத்தோடு, தரையில் பாய் விரித்து.

தாய்ப்பால் வங்கியும் அப்படி ஒன்றுதான். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் 2014இல் வந்தது. பெறும் பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிப் பதப்படுத்தி, தாய்க்குப் பால் ஊறாத குறைமாதக் குழந்தைக்குக் கொடுக்கிறார்கள். யார் வீட்டுப் பால் யார் குழந்தைக்குப் போகிறது என்று பாட்டிலில் சாதி எழுதுவதில்லை. டீக்கடையில் தனிக் குவளை வைத்த நாட்டில், உயிர் என்று வரும்போது பால் ஒன்றாகத்தான் கலக்கிறது.

தம்பி, இந்தச் சிகிச்சைகளை வரிசையாகப் பார். வயிற்றில் கை வைப்பது. நெஞ்சில் தோல் படுவது. பாலைப் பகிர்வது. எல்லாமே தொடுதல். தொடாதே என்று சொல்லி ஆயிரம் ஆண்டு வாழ்ந்த சமூகத்தில், தொட்டால்தான் பிழைக்கும் ஒரு உயிர் வந்து பிறக்கிறது. இது டாக்டர்கள் விஷயம் மட்டும்தானா?

தொடுதலைத் தடுத்தால் யார் சாவார்கள் என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே பழைய கதை உண்டு. வேலூர் சி.எம்.சி.யை நிறுவிய ஐடா ஸ்கடர் இளம்பெண்ணாக 1890களில் திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் வந்து தங்கள் மனைவியின் பிரசவத்துக்கு உதவி கேட்டார்கள். ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு சாதி இந்து. ஐடாவின் தந்தை மருத்துவர், அதே வீட்டில்தான் இருந்தார். ஆண் மருத்துவர் தங்கள் பெண்ணைத் தொடக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவுதான் ஐடாவை மருத்துவம் படிக்க வைத்தது. 1900இல் வேலூரில் அவர் வேலையைத் தொடங்கினார். அந்த மூன்று வீட்டிலும் மருந்தில்லாமல் சாகவில்லை, வழக்கத்தால் செத்தார்கள்.

கண் போன வழக்கு

உயிர் பிழைத்தால் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 1996 ஆகஸ்ட் 30 அன்று, 29ஆவது வாரத்தில், 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தாள். பிழைத்தாள். செப்டம்பர் 23 அன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரையில் ரத்தக் குழாய்கள் சரியாக வளராமல் பார்வையே போகலாம். ஆர்.ஓ.பி. என்பார்கள். உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சையில் பார்வையைக் காக்கலாம். அந்தப் பரிசோதனை செய்யவும் இல்லை, செய்ய வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. குழந்தைக்குப் பார்வை போனது.

தந்தை வழக்குப் போட்டார். தேசிய நுகர்வோர் ஆணையம் 2009இல் 5 லட்சம் கொடுக்கச் சொன்னது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். 2015 ஜூலை 1 அன்று நீதிபதிகள் கேஹர், போப்டே அமர்வு சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. பெரும்பகுதியைத் தமிழ்நாடு அரசு கொடுக்க வேண்டும் என்றது.

முக்கியமான தீர்ப்பு. சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் முழுதாகப் படியுங்கள். படிக்கும்போது ஒரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். குழந்தை பிறந்ததிலிருந்து தீர்ப்பு வரை ஏறக்குறைய 19 ஆண்டு. அந்தத் தந்தையால் டெல்லி வரை போக முடிந்தது. டிஸ்சார்ஜ் சீட்டையே படிக்கத் தெரியாத ஒரு கூலி நெசவாளியின் குழந்தைக்குக் கண் போனால் அது எந்தக் கணக்கில் வரும்? "பொறவிக் குருடு" என்று ஊர் சொல்லும். முன்ஜென்ம வினை என்று சொல்லவும் ஆள் இருக்கும்.

எடை எங்கே குறைகிறது?

குழந்தையின் எடை பிரசவ அறையில் குறைவதில்லை. தாய்க்கு ரத்தசோகை, தொற்று, உயர் ரத்த அழுத்தம், சின்ன வயதுக் கல்யாணம், ஓய்வில்லாத வேலை, அவள் சிறுமியாக இருந்தபோதே சாப்பிடாத சாப்பாடு, இதெல்லாம் சேர்ந்துதான் அந்த எடை. காஞ்சிபுரம் பட்டுத் தறிகளில் முன்பணக் கடனுக்குக் கட்டுப்பட்டு உழைத்த குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் அறிக்கை வெளியிட்டது. கோர்வைச் சேலைக்கு மறுபக்க நாடாவைத் தள்ள ஒரு சின்னக் கை தேவைப்பட்டது. அன்று பட்டுத் தறியில் உட்கார்ந்த சிறுமிகள்தான் பின்னால் பிரசவ வார்டுக்குப் போன தாய்மார்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பே இல்லாததுபோல் பேச முடியுமா?

நெய்தால்தான் கூலி. மகப்பேறு நலச் சட்டம் 2017 திருத்தத்தில் 26 வார விடுப்பு தந்தது, நல்லது. ஆனால் 1961இன் அந்தச் சட்டம் பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனத்தைத் தேடியது. வீட்டுத் தறியில் உட்கார்ந்தவளுக்கு முதலாளி யார் என்று காட்டவே ஒரு காகிதம் கிடையாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டம் 1987இல் 300 ரூபாயில் தொடங்கி இன்று 18,000 ரூபாயாக வளர்ந்திருக்கிறது. அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கர்ப்பத்தின் ஒன்பது மாதம், பிறந்தபின் ஆறு மாதம் என்று பிரித்தால் மாதத்துக்கு 1,200 ரூபாய். அதை நம்பி யார் ஏழாம் மாதத்தில் தறியை விட்டு எழுந்திருப்பார்கள்?

அம்பேத்கர் 1928 ஜூலையில் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்பதால் செலவில் அரசு பெரும்பங்கு ஏற்க வேண்டும், அவள் உழைப்பால் லாபம் அடைகிற முதலாளிக்கும் பொறுப்பு உண்டு என்பது அவர் வாதம். அவர் நான்கு குழந்தைகளைப் பறிகொடுத்த தகப்பன். மகன் ராஜரத்னா இறந்தது 1926இல். நம் இயக்கத்தின் பிரச்சினையா இது என்று கேட்ட தம்பிக்கு, நூறு ஆண்டுக்கு முன்பே அது நம் பிரச்சினையாகத்தான் இருந்தது என்று சொல்வேன்.

பெருமையும் சராசரியும்

"தமிழ்நாடுதான் முன்னணி மாநிலம், இங்கே என்ன குறை?" என்பார்கள். முன்னணிதான், மறுக்கவில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில்தான் நடக்கிறது. இதற்குப் பின்னால் கிராம சுகாதார செவிலியர்களின் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. ஆனால் அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 2015–16 கணக்கெடுப்பில், இந்திய அளவில் பட்டியல் சாதிக் குழந்தைகளில் ஆயிரத்துக்கு 45 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். பட்டியல் சாதியும் பழங்குடியும் பிற்படுத்தப்பட்டோரும் அல்லாத 'மற்றவர்' பிரிவில் 32 பேர். மருத்துவமனை வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. உள்ளே போன பிறகு என்ன நடக்கிறது என்பதைச் சராசரி எண் சொல்லாது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தின்படி, பட்டியல் சாதியினரை மருத்துவமனைக்குள் நுழையவிடாமல் தடுப்பது குற்றம். வாசலில் தடுத்தால் சட்டம் பிடிக்கும். உள்ளே விட்டு, உட்காரவைத்து, வயிற்றில் கை வைக்காமல் மோர் குடிக்கச் சொல்லி அனுப்பினால் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது?

நாம் என்ன செய்யலாம்?

கோபத்தோடு நிறுத்தினால் பயனில்லை. மாணவர்கள் இன்றைக்கே தொடங்கக்கூடியவை இவை.

ஒன்று, உங்கள் தெருவில் கர்ப்பிணிகள் யார், யாருக்கு பிக்மி எண் இருக்கிறது, யாருக்கு ரத்த அளவு குறைவு என்று தெரிந்து வையுங்கள். மாதம் நிறையும் முன் வலியோ, நீர்க்கசிவோ, ரத்தப்போக்கோ வந்தால் அன்றே 108ஐக் கூப்பிட வேண்டும். அங்கே போய், "இத்தனை வாரம் ஆகிறது, நுரையீரல் ஊசி போட வேண்டுமா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்காகவாவது ஒருவர் எழுந்து வந்து பார்ப்பார்.

இரண்டு, 2011 முதல் நடைமுறையில் இருக்கும் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் அரசு மருத்துவமனைப் பிரசவம், மருந்து, ரத்தம், பரிசோதனை, உணவு, ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வண்டி எல்லாம் இலவசம். நோயுற்ற பச்சிளம் குழந்தைக்கும் அப்படியே. இதைத் துண்டறிக்கையாக அடித்து வீடு வீடாகக் கொடுங்கள்.

மூன்று, பிரசவ அறையில் உடன் ஒரு பெண் இருக்கலாம் என்பதை மத்திய அரசின் லக்ஷ்யா திட்டமே 2017இலிருந்து வலியுறுத்துகிறது. சாட்சி இருக்கும் இடத்தில் வசவு குறையும்.

நான்கு, இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்து பிழைத்த குழந்தைக்கு 30 நாளுக்குள் கண் பரிசோதனை. மிகச் சிறிய குழந்தைக்கு இன்னும் முன்பே. டிஸ்சார்ஜ் சீட்டில் தேதி எழுதியிருக்கிறதா என்று படித்துச் சொல்லுங்கள். கல்லூரி போகிற நீங்கள் உங்கள் தெருவுக்குச் செய்யக்கூடிய பெரிய வேலை அது.

ஐந்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் செலவில் கேளுங்கள். உங்கள் மாவட்டப் பச்சிளம் குழந்தைப் பிரிவில் ஓராண்டில் 1,500 கிராமுக்குக் குறைவாக எத்தனை பேர் சேர்க்கப்பட்டார்கள், அங்கேயே பிறந்தவர்களில் எத்தனை பேர், வெளியில் பிறந்து கொண்டுவரப்பட்டவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை தாய்மார்களுக்கு ஸ்டீராய்டு ஊசி போடப்பட்டிருந்தது, எத்தனை இறப்புகள் 2014 வழிகாட்டுதல்படி ஆய்வு செய்யப்பட்டன என்று. இந்தக் கேள்விகளை நாம் கேட்காதவரை இந்த எண்கள் கோப்பிலேயே தூங்கும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. செவிலியர்களை எதிரியாக்காதீர்கள். இரவு முழுக்க இத்தனை குழந்தைகளுக்கு இரண்டே பேர் என்று ஓடிக்கொண்டிருக்கும் ஒப்பந்தச் செவிலியரில் நம் வீட்டுப் பெண்களும் இருக்கிறார்கள். ஆள் எண்ணிக்கையைக் கூட்டு என்பதும், எங்களை மனிதராக நடத்து என்பதும் ஒரே கோரிக்கையின் இரண்டு வரிகள்.

என் தங்கை ஒரு மாதம் கழித்து, பாதி நெய்த சேலையை முடித்துக்கொண்டு முதலாளி கடைக்குப் போனாள். தராசில் வைத்தார்கள். தறி சும்மா கிடந்த நாட்களில் நூல் வீணாகியிருக்கிறது, கணக்கில் 15 கிராம் குறைகிறது என்று கூலியில் பிடித்துக்கொண்டார்கள். அவள் ஒன்றும் பேசாமல் மீதியை வாங்கிக்கொண்டு வந்தாள்.

அந்த 15 கிராமுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது, கணக்குப்பிள்ளை இருந்தார், பொறுப்பேற்க ஒருத்தி இருந்தாள். 1,150 கிராமுக்கு யார் பொறுப்பு என்று கேட்க ஒரு நோட்டை நாம்தான் திறக்க வேண்டும். அடுத்த படிப்பு வட்டத்துக்கு, தம்பி, நீயே ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு வா. உன் தெருவிலிருந்து தொடங்குவோம்.

ஜெய் பீம்.